மாபிள் போட்ட வீட்டில் இருப்பவர் ஏழையாக இருக்க முடியுமா?

கேட்டவர் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரைப் பக்கத்துக்காரர் போலத் தெரிகிறது. அவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: "எங்கள் மாமி ஒருவர் அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவு) கிடைக்கவில்லை என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லி அழுகிறார். அவர் இருப்பது கல்வீடு. முன் விறாந்தைக்கு மாபிள் போட்டிருக்கிறது. மகனிடம் பைக், மகளிடம் போன். நான் சின்னவனாக இருந்தபோது இதே ஒழுங்கையில் பாதி வீடுகள் கிடுகு வீடுகள். இப்போது ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க மட்டக்களப்பை வறிய மாவட்டம் என்று ஏன் இன்னும் சொல்கிறார்கள்? இது வறுமையா, இல்லை பக்கத்து வீட்டுக்காரன் மேல்மாடி கட்டிவிட்டான் என்ற கடுப்பா?"

கேள்வி ஒன்று போல இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. மாபிள் வீட்டில் இருப்பவர் ஏழையாக இருக்க முடியுமா என்பது ஒன்று. ஒரு மாவட்டத்தை எந்த அளவுகோலால் வறியது என்கிறார்கள் என்பது இரண்டாவது. யாரும் பட்டினி கிடக்காவிட்டால் ஒருவரிடம் நிறையவும் இன்னொருவரிடம் கொஞ்சமும் இருப்பதில் என்ன பிழை என்பது மூன்றாவது. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன், மாமி ஒரு சாட்டு.

நான் பொருளியல் படித்தவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் வகுப்பில் வந்ததல்ல. 20 வருடத்துக்கு மேலாக வெவ்வேறு தொண்டு நிறுவனங்களுக்காக வீட்டுக் கணக்கெடுப்பு, கடன் குழு, வாழ்வாதார உதவி என்று வெல்லாவெளியிலிருந்து வாகரை வரைக்கும், தெற்கே திருக்கோவில் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கியதில் வந்தது. என் அனுபவம் மட்டக்களப்பு, அம்பாறை என்ற இந்த இரண்டு மாவட்டத்தோடு நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கோ மலையகத்துக்கோ இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில் வீடு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து வருமானத்தைக் கணிப்பவர் அநேகமாக வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். மட்டக்களப்பிலும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குப் போகிறது. கலியாணத்துக்கு வீடு சீதனம். தாயின் வீடு மூத்த மகளுக்கு, பெற்றோர் வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொண்டு அடுத்த மகளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. ஆகவே ஒரு ஒழுங்கையில் கல்வீடுகள் கூடியிருக்கின்றன என்றால், அந்த ஒழுங்கையில் பெண்பிள்ளைகள் கூட என்று எடுத்துக்கொள்வது பல நேரம் சரியாக வரும். பணம் கூட என்பது பெரும்பாலும் சரிவராது.

இந்த வழக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனாலும் பெண் தன் வீட்டிலேயே இருக்கிறாள், யாரும் அவளை வெளியே போட முடியாது. போர்க்காலத்தில் விதவையான எத்தனையோ பேரை நடுத்தெருவுக்கு வராமல் காத்தது இந்தச் சீதன வீடுதான். ஆனால் பொருளாதாரக் கணக்கில் இது ஒரு வினோதமான சொத்து. 15 வருடச் சேமிப்பு, தாயின் குவைத் காசு, நகை, எல்லாம் சீமெந்துக்குள் போய்விடும். அப்புறம் அது ஒரு சதம் திருப்பித் தராது. விற்க முடியாது, விற்றால் அடுத்த தலைமுறைக்குக் கலியாணம் இல்லை. வாடகைக்குக் கொடுக்கவும் ஊருக்குள் ஆள் இல்லை. கடலோரத்தில் 2004 சுனாமிக்குப் பிறகும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் போருக்குப் பிறகும் உதவியாகக் கட்டிக் கொடுத்த வீடுகளும் இதற்குள் சேரும். அவற்றில் பலவற்றுக்குக் கொடுத்த காசு கூரையோடு முடிந்துவிட்டது. பூச்சும் மாபிளும் கடனில் வந்தவை. தூணுக்கு மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மேல்மாடிக் கனவு என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். பல இடத்தில் அது காசு தீர்ந்துபோன நாளின் அடையாளம்.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் ஓம், முடியும். சொத்து வேறு, வருமானம் வேறு, கையில் புழங்கும் காசு வேறு. இந்த மூன்றில் எதை வைத்து ஏழை என்கிறோம் என்பதில்தான் அரைவாசிச் சண்டை.

அரசாங்கக் கணக்கு செலவை வைத்துத்தான் அளக்கிறது, வீட்டை வைத்தல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒருமுறை வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஒரு ஆள் உயிர்வாழத் தேவையான சாப்பாட்டுக்கும் மற்ற அடிப்படைத் தேவைக்கும் மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே செலவு செய்கிறவர்களை வறியவர்கள் என்று எண்ணுகிறார்கள். 2016இல் அந்தக் கோடு 4,166 ரூபாய். அந்த அளவில் நாட்டில் 4.1 வீதம் பேர் வறியவர்கள். மட்டக்களப்பில் 11.3, அம்பாறையில் 2.6. உங்கள் "வறிய மாவட்டம்" என்ற பட்டம் வந்தது இந்த மாதிரி எண்களிலிருந்துதான். 2019இல் கோட்டைப் புதிதாகக் கணக்கிட்டு 6,966 ரூபாய் என்று வைத்தார்கள். உடனே நாட்டின் வறுமை 14.3 வீதம் என்று வந்தது. மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்கானது என்று சிலர் மேடையில் பேசினார்கள். அது தவறு. அளவுகோல் மாறியது, ஆட்கள் அதே ஆட்கள். 2016 எண்ணையும் 2019 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவர் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

6,966 என்பதை வீட்டுக் கணக்காக்கிப் பாருங்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 27,864 ரூபாய். மாதம் 27,000 செலவழித்த குடும்பம் வறியது, 28,500 செலவழித்த குடும்பம் வறியது இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு நாள் கூலி. கோட்டுக்குச் சற்று மேலே இப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் எங்கள் மாவட்டத்தின் பெரிய கூட்டம் என்பது நான் பார்த்து வந்த முடிவு. ஒரு டெங்குக் காய்ச்சல் போதும், கோட்டுக்குக் கீழே வர.

அம்பாறையின் 2.6 வீதத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எண் பொய்யில்லை, ஆனால் சராசரி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் தண்ணீர் போகிற வயல்களும், வானம் பார்த்த மேட்டு நிலங்களும், கல்முனைக் கடைத்தெருவும், திருக்கோவிலுக்கு மேற்கே காட்டோரம் உள்ள கிராமங்களும் அந்த ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று பாருங்கள். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரருக்குப் பங்கு போய், மிச்சத்தைத்தான் இழுத்தவர்கள் பிரிக்கிறார்கள். அந்தத் துறையின் சராசரி வருமானம் என்று ஒன்றைக் கணக்கிடலாம்தான். ஆனால் அந்தத் தொகை அங்கே நிற்கிற ஒருவர் கையிலும் இருக்காது.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2019இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, சரி நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் 53,333. இடையில் உள்ள 23,000 ரூபாய் மேலே இருக்கிற கொஞ்சப் பேரின் பணம் சராசரியை இழுத்து உயர்த்தியதால் வந்தது. மேல்தட்டு 20 வீதக் குடும்பங்கள் மொத்த வருமானத்தில் 51.3 வீதத்தை எடுக்கின்றன, அடித்தட்டு 20 வீதம் 4.6 வீதத்தை. ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் ஜினிக் குணகம், எல்லாரும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. இலங்கையில் அது வருமானப்படி 0.46. செலவுப்படி பார்த்தால் 0.38க்குக் கிட்ட. இரண்டும் ஒரே நாடு, ஒரே வருடம். பணக்காரர் உழைப்பதை எல்லாம் செலவழிப்பதில்லை, ஏழை உழைப்பதற்கு மேலே கடன்பட்டுச் செலவழிக்கிறார், அதனால் செலவில் இடைவெளி சின்னதாகத் தெரிகிறது. ஒரு நாட்டின் வருமானக் குணகத்தையும் இன்னொரு நாட்டின் செலவுக் குணகத்தையும் பக்கத்தில் வைத்து "பார், நாங்கள் மோசம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற படங்களை அழித்துவிடுங்கள்.

இனி, எண்கள் சரியாகப் பிடிக்காத ஒன்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் விஷயமே இதில்தான் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னர் படுவான்கரையில் ஒரு வீட்டில் படிவத்தை வைத்துக்கொண்டு, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். நடுத்தர வயதுப் பெண். நெல் அவித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எந்த மாசத்தக் கேக்கிறீங்க தம்பி? மாசியில உள்ளதயா, மறுகா ஐப்பசியில உள்ளதயா?" எனக்குப் பதில் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெல்தான். மார்கழி மழையை நம்பிய பெரும்போகம், குளத்துத் தண்ணீரை நம்பிய சிறுபோகம். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழேயோ நவகிரிக் குளத்துக்குக் கீழேயோ காணி இருந்தால் இரண்டு போகமும் செய்யலாம். மானாவாரிக் காணிக்காரருக்கு ஒரு போகம்தான். காணியே இல்லாதவருக்குப் போகம் இல்லை, வேலை நாள் மட்டும்தான். முந்தி அரிவி வெட்டுக் காலத்தில் ஒரு கூலிக் குடும்பத்துக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து வேலை இருந்தது. நெல்லாகவும் கொஞ்சம் வீட்டுக்கு வரும். இப்போது வெட்டு மெசின் இறங்கினால் ஒரு வட்டையை, அதாவது ஒரு வயல்வெளியை, ஒரு பகலில் முடித்துவிடும். போடியாரின், அதாவது பெரிய வயல்காரரின், லாபக்கணக்கில் அது நியாயம்தான், நானே வயல் செய்தாலும் மெசினைத்தான் கூப்பிடுவேன். ஆனால் அந்த வாரங்களின் கூலி எங்கே போனது? மெசின் வைத்திருப்பவருக்கும், அதற்கு லீசிங் கொடுத்த கம்பனிக்கும் போனது. கிராமத்தின் மொத்த உற்பத்தி குறையவில்லை, கூடியும் இருக்கலாம். பங்கு பிரிந்த விதம் மாறிவிட்டது. ஏற்றத்தாழ்வு என்ற சொல்லை வரைபடத்தில் தேடாமல் இங்கே தேடுங்கள்.

கணக்கெடுப்பு நடத்துகிறவர்களுக்கும் இந்த மாதப் பிரச்சினை தெரியும். அதற்காகத்தான் வருடத்தின் 12 மாதமும் வெவ்வேறு வீடுகளில் கேட்கிறார்கள், பயிர் வருமானத்தைப் போகக் கணக்கில் தனியாக எடுக்கிறார்கள். மாவட்ட மட்டத்தில் அது போதும். ஒரு தனி வீட்டின் கதையை அதனால் சொல்ல முடியாது. வருடத்தில் எட்டு மாதம் கோட்டுக்கு மேலேயும் நாலு மாதம் கீழேயும் போய்வருகிற வீடு, கேட்ட மாதத்தைப் பொறுத்து ஏழையாகவோ ஏழையல்லாததாகவோ பதிவாகும்.

அந்த நாலு மாதத்தைக் கடப்பது எப்படி? இந்த இடத்தில்தான் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வழி பிரிகிறது. இருப்பவர் நெல்லை வைத்திருந்து விலை ஏறும்போது விற்பார். இல்லாதவர் களத்திலேயே விற்பார், அறுவடை நேரம் விலை அடியில் கிடக்கும். அதே ஆள் ஐப்பசி, கார்த்திகையில் அரிசியைக் கூடின விலைக்கு வாங்குவார். தன் நெல்லைத் தானே குறைவாக விற்றுக் கூடவாக வாங்குகிறார். அடுத்தது நகை ஈடு. அதற்கும் அடுத்தது குழுக்கடன், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன்.

குழுக்கடனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், இதைத் தெரியாமல் கையெழுத்து வைத்த பெண்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். 50,000 ரூபாய் கடன், "வட்டி 24 வீதம்தான் அக்கா", ஒரு வருடம், கிழமைக் கட்டணம். வட்டி 12,000, மொத்தம் 62,000, அதை 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் கிழமையிலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள். வருடம் முழுக்கப் பார்த்தால் உங்கள் கையில் சராசரியாக 25,000 அளவுதான் இருந்தது, வட்டியோ முழு 50,000க்கும் எடுத்தாயிற்று. ஒழுங்காகக் கணக்கிட்டால் வருட வட்டி சுமார் 44 வீதம். இதே காலத்தில் அரச உத்தியோகம் பார்ப்பவர் சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் இதில் பாதிக்கும் குறைவான வட்டிக்கு எடுக்கிறார். பணம் குறைவாக உள்ளவருக்குப் பணத்தின் விலை கூட. இது நல்ல வட்டி, மோசமானவையும் இருந்தன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் தொடர்பான நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வருடத்துக்கு 220 வீதம் வரை போன நுண்கடன் வட்டிகளைப் பற்றி எழுதினார். அதே வருடம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றையும் அரசு கொண்டுவந்தது. சிலருக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நாளில் வேறு பெயரில் வேறு கடன். இடைவெளி மாதங்கள் அப்படியே இருந்தனவே, கடனைத் தள்ளினாலும் அவற்றைத் தள்ள முடியாது.

2021இலிருந்து 2023 வரை நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் வெளிச்சமாகும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. யூரியா இல்லாத பயிர் மஞ்சளாக நின்றதை மறக்க முடியாது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. தோணிக்கு மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டியவர்கள் கரையில் குந்தினார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜேர்மன் புள்ளிவிபரக்காரர் 1857லேயே கண்டு சொன்ன விஷயம் ஒன்று உண்டு: குடும்பம் எவ்வளவு ஏழையோ, செலவில் அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகும். அப்படியென்றால் சாப்பாட்டு விலை இரட்டிப்பாகும்போது எல்லாருக்கும் ஒரே பணவீக்கம் இல்லை. மேல்மாடி வீட்டுக்காரர் ஒரு பயணத்தைத் தள்ளிப்போட்டார். மாமியைப் போன்றவர்கள் பால்மாவை நிறுத்தினார்கள், பிள்ளையின் ரியூசனை நிறுத்தினார்கள், மீதி இருந்த சங்கிலியை ஈடு வைத்தார்கள். இலங்கையின் வறுமை 2021இல் 13.1 வீதமாக இருந்து 2022இல் 25 ஆனது என்று உலக வங்கி சொன்னது. அது கணித மாதிரி (model) ஒன்றில் போட்டு எடுத்த மதிப்பீடு, வீடு வீடாக எண்ணியதல்ல, அளவுகோலும் மேலே சொன்ன அரசாங்கக் கோடு இல்லை. ஆனாலும் திசையைப் பற்றிச் சந்தேகம் தேவையில்லை. அந்த வருடம் இங்கே இருந்த எவருக்கும் தேவைப்படாது.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி, அதுதான் அந்தக் கடுப்பு. அடம் ஸ்மித் 1776இல் ஒரு சட்டையைப் பற்றி எழுதினார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையில்லை, பழைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமல் சுகமாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் மரியாதையுள்ள ஒரு நாள்கூலிக்காரன் லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அது அவனுக்கு அத்தியாவசியம் என்றார். மகளின் போனை இப்படிப் பாருங்கள். 2020, 2021இல் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது பாடம் போனில்தான் வந்தது. போன் இல்லாத பிள்ளை படலையைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து எழுதியது. ஊரில் எல்லாரிடமும் ஒரு பொருள் வந்த பிறகு, அது இல்லாதவருக்கு முந்தி இருந்த வழியும் அடைபட்டுப் போகிறது. பைக்கும் அப்படித்தான். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தது பெரிய நன்மை, துறையில் பாதைக்கு (ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்துக் கிடந்த காலம் போனது. ஆனால் பாலம் வந்ததால் கொக்கட்டிச்சோலையிலிருந்து நகரத்துக்கு மேசன் வேலைக்கு வருகிறவர் காலை ஏழுக்கே நிற்க வேண்டும் என்றானது, பைக் இல்லாதவருக்கு அந்த வேலை இல்லை. அந்த பைக் அநேகமாக லீசிங்கில் எடுத்ததுதான்.

அதனால் கடுப்பு என்பதை நான் மறுக்க மாட்டேன், ஆனால் அதை வெறும் பொறாமை என்று தள்ளவும் மாட்டேன். ஊரில் காணி வாங்க, நல்ல ரியூசன் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க, நல்ல மாப்பிள்ளை எடுக்க எல்லாரும் ஒரே சந்தையில்தான் நிற்கிறோம். வெளிநாட்டுக் காசு வருகிற நாலு வீடு சீதனத்தின் மட்டத்தை உயர்த்தினால், வராத நாற்பது வீடும் அந்த மட்டத்துக்குக் கடன்பட வேண்டியிருக்கிறது. மாபிள் அப்படித்தான் அந்த விறாந்தைக்கு வந்திருக்கும்.

குடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள், முந்திக்கொள்கிறேன். உண்மை, எங்கள் பக்கத்தில் குடி அதிகம், உழைப்பதில் பெரும் பகுதியைத் தவறணையில் விடுகிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். மூடி மறைக்க மாட்டேன். ஆனால் சொட்டுக் குடிக்காத வீடுகளும் அதே மாதங்களில் அதே கடனில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். குடி ஒரு வீட்டை மோசமாக்கும் என்பது நிச்சயம். மாவட்டத்தின் வறுமைக்கு அதுதான் காரணம் என்பது நிச்சயமல்ல, நம்ப வசதியாக இருப்பதால் பலர் நம்புகிறார்கள்.

நிபுணர்களுக்குள்ளேயே தீராத விஷயங்களும் இருக்கின்றன. நாடு வளரும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடி, பிறகு தானாகக் குறையும் என்று சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் ஒரு கருத்து வைத்தார். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி அல்ல என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொண்டது. ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மேல்தட்டின் உண்மையான வருமானம் எவ்வளவு என்பதை வீட்டுக் கணக்கெடுப்புகள் குறைத்தே காட்டுகின்றன, பெரிய மதில் வீட்டுக்குள் படிவத்தோடு போவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கே தெரியும். நாய்தான் முதலில் வரும். ஆகவே 0.46 என்பதைக் குறைந்தபட்சக் கணக்காக எடுங்கள், உண்மை அதற்கு மேலே இருக்கும். அரசாங்கத்தின் பங்கைப் பற்றி ஒன்று மட்டும். வரி வருமானம் 2022இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 7.3 வீதம்தான், அதிலும் பெரும்பகுதி பொருள்களின் மேல் விழும் வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். சோப்பு வாங்கும்போது போடியாரும் கூலிக்காரரும் ஒரே வரியைக் கட்டுகிறார்கள். இடைவெளியைக் குறைக்க வரியைப் பயன்படுத்தலாம், இப்போதைய வடிவத்தில் அது அந்த வேலையை அதிகம் செய்யவில்லை என்பது என் கருத்து.

கடைசியாக மாமி. அஸ்வெசும 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது. தெரிவு ஆள் பார்த்து நடக்கக்கூடாது என்று கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்திலிருந்து 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வீட்டையும் சொத்தையும் புள்ளியாக்கினால் சீதன வீட்டில் இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதை இவ்வளவும் வாசித்த பிறகு நீங்களே சொல்லுவீர்கள். இப்படி அடையாளங்களை வைத்துத் தெரிவு செய்கிற எந்த முறையிலும் தகுதியுள்ள சிலர் வெளியேயும் தகுதியில்லாத சிலர் உள்ளேயும் போவார்கள், உலகம் முழுக்க அப்படித்தான். மாமி அந்த வெளியே நிற்கும் கூட்டத்தில் ஒருவரா, இல்லையா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துச் சொல்லலாம். வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, மகளுக்கு எழுதியாயிற்றா? கிழமைக் கட்டணம் எவ்வளவு, எத்தனை இடத்தில்? பைக்குக்கு லீசிங் முடிந்ததா? கடந்த ஐப்பசியில் எத்தனை நாள் வேலை? இவற்றுக்கு அவர் சொல்லும் பதிலை ஒரு கொப்பியில் எழுதி, கடன் புத்தகம், ஈட்டுத் துண்டு, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மேன்முறையீட்டுக்குக் காலம் கொடுக்கும்போது பிரதேச செயலகத்துக்கு அவரோடு போங்கள். மிக வறியவர் பிரிவில் சேர்ந்தால் 2025 ஜனவரியிலிருந்து மாதம் 17,500 ரூபாய், வறியவர் பிரிவென்றால் 10,000. தனியாக அனுப்ப வேண்டாம். அந்த வரிசையில் பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் படிவம் வேறு மாதிரி நிரம்புகிறது, இதையும் நான் பலதடவை பார்த்திருக்கிறேன்.